பட்டினி எண்ணெய்

சீனன்குடாவில் எண்ணெய் வைக்க இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வெள்ளைக்காரன் யுத்தகாலத்தில் கட்டிவிட்டுப் போன தாங்கிகள், ஒவ்வொன்றும் ஒரு கலியாண மண்டபத்தின் அளவில், காட்டுக்குள்ளே துருப்பிடித்துக்கொண்டு நிற்கின்றன. எந்த நாட்டுக்காரனோடு எந்த ஒப்பந்தம் என்று ஆட்சிக்கு ஆட்சி பேச்சு நடக்கும்; தாங்கிகள் பேசாமல் நிற்கும். அவற்றிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில், இருபது லீற்றர் மட்டுமே கொள்ளும் ஒரு கண்ணாடித் தாங்கியை வைத்து, நாட்டின் எரிபொருள் பஞ்சத்தைத் தீர்க்கும் பொறுப்பை ஒரு பெண்பிள்ளையின் தலையில் கட்டியிருந்தார்கள். பாவம், அவளும் அதை நம்பித்தான் வந்தாள்.

கிண்ணியா ஷிஃபானா என்றால் ஊருக்குத் தெரியும். கொரியாவில் கலாநிதிப் பட்டம் வாங்கியவள். இங்கேயே இரு, ஆய்வுகூடம் தருகிறேன் என்று அங்கிருந்த பேராசிரியர் கெஞ்சாத குறையாகச் சொன்னதைக் கேட்டாளா? கேட்கவில்லை. ஊரில் வயல் வெட்டி முடிந்ததும் வைக்கோலைச் சும்மா கொளுத்துகிறார்கள், அதை எண்ணெயாக்கிக் காட்டுகிறேன் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வந்தவளுக்குக் கிழக்குக் கரையோர மாற்றெரிபொருள் ஆய்வு நிலையத்தில் கிடைத்த பதவி, கலாநிதிப் பின் ஆய்வாளர். அதாவது படித்து முடித்த பிறகும் படித்துக்கொண்டிருப்பவர்; வேலை செய்துகொண்டே வேலையில் இல்லாதவர். கலியாணத் தரகர்கள் அந்தப் பதவியை விளங்கிக்கொள்ளப் பார்த்துத் தோற்றுப்போனார்கள்.

ஆனால் பிள்ளை கெட்டிக்காரி, அதில் சந்தேகமில்லை. மனிதக் குடலில் சாதாரணமாகக் குடியிருக்கிற ஒரு பக்டீரியாவைப் பிடித்து, அதன் மரபணுவில் வெட்டவேண்டியதை வெட்டி, வேறெங்கோ இருந்து கொண்டுவந்ததை ஒட்டி, வைக்கோலைக் கரைத்தெடுத்த சீனிப்பாகைக் குடித்துவிட்டு எண்ணெய் கக்கும்படி செய்துவிட்டாள். நாற்பது தரம் சரிவரவில்லை. நாற்பத்தோராவது சரிவந்தது. அதற்கு விஞ்ஞானப் பெயர் ஒன்று நீளமாக இருந்தது. ஆய்வுகூட உதவியாளர் மெலனி அதை "நாப்பத்தொண்டு" என்றே கூப்பிட்டாள். பிறகு எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள்.

நாற்பத்தொன்று இலேசுப்பட்ட உயிர் இல்லை. நிலையத்தில் நல்ல தண்ணீர் வராத நாட்கள்தான் அதிகம் என்பதால், கொட்டியாரக் குடாவின் உப்புத் தண்ணீரிலேயே அதைப் பழக்கினாள். கட்டைபறிச்சான் வயல்களின் வைக்கோலுக்குப் பழக்கினாள். தான் கக்கிய எண்ணெயிலேயே தான் செத்துப்போகாமல் இருக்கப் பழக்கினாள். தாக்குப்பிடித்ததை எடுத்து அடுத்த போத்தலில் விட்டு, அதில் தாக்குப்பிடித்ததை அடுத்ததில் விட்டு, ஒன்றரை வருடம் இதே வேலை. மரபணுவை எழுதிவைத்தால் பக்டீரியாவை மறுபடி கட்டலாம் என்று சொல்வார்கள். கட்டலாம்தான். ஒன்றரை வருடத்தையும் கொட்டியாரக் குடாவையும் யார் எழுதிவைப்பது?

அதன் இரகசியம் பட்டினி. சீனிப்பாகை வயிறு நிறையக் கொடுத்தால் நாற்பத்தொன்று கண்டபடி பெருகும், எண்ணெய் கட்டாது. அதற்கும் மேலே கொடுத்தால் தின்ன முடியாமல் தின்று, புளித்த தண்ணியைக் கக்கி, அதிலேயே மூழ்கிப்போகும். அரைவயிற்றுக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தால் மட்டும், நாளைக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில் எண்ணெய் சேர்க்கும். இந்தத் தத்துவத்தை நிலையத்தின் நிர்வாகம் பக்டீரியாவிடம் கற்றதா, பக்டீரியா நிர்வாகத்திடம் கற்றதா என்று தெரியாது. ஷிஃபானாவின் உதவித்தொகையும் அப்படித்தான் சொட்டியது.

ஆனால் விருந்தாளிக்கு "போதும்" என்ற சொல்லே காதில் விழாத ஊரில், ஓர் உயிரைப் பட்டினி போட்டு வேலை வாங்குவதை யார் ஒப்புக்கொள்வார்கள்? அவளுடைய உம்மா றுக்கியாவுக்கு இது தெரிந்த நாள்தொட்டு நிம்மதியில்லை.

"வாயில்லாச் சீவனுக்குத் தின்னக் குடுக்காம வச்சிரிக்காயே புள்ள, அல்லாஹ் கேக்க மாட்டானா?" என்றார்.

"அதுக்கு வாய் இல்லதான் உம்மா. வயிறும் இல்ல."

"வயிறு இல்லாம என்னெண்டு பசிக்கும்? பசிக்கிது எண்டு நீதானே சொன்னாய்!"

மெலனிக்கும் இதே மனவருத்தம். அவள் நகரத்துப் பிள்ளை, ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள். பாகு சொட்டும் குழாயைப் பார்க்கும்போதெல்லாம் "ஐயோ பாவங்கள்" என்று சொல்லாமல் அவளால் இருக்க முடியாது. ஷிஃபானா சிரிப்பாள். சிரித்திருக்கக் கூடாது என்று பிறகுதான் தெரிந்தது.

நிலையத்தின் பணிப்பாளர் பேராசிரியர் தம்பிராசா. அவர் கொங்கிறீட்டில் கலாநிதி. கொங்கிறீட் நிபுணரை எதற்குப் பக்டீரியா நிலையத்துக்குப் போட்டார்கள் என்று கேட்கக் கூடாது. நிலையத்துக்கு முதலில் ஒரு கட்டடம் தேவைப்பட்டது, கட்டினார், அப்படியே இருந்துவிட்டார். நல்ல மனிதர். யாருடைய மனமும் நோகக் கதைக்க மாட்டார். அதிலும் மேலிடத்து மனம் நோகவே விடமாட்டார்.

அவர் ஒரு காலையில் ஷிஃபானாவைக் கூப்பிட்டு, கதிரையைக் காட்டி, பாலில்லாத பிளேன்ரீயும் வரவழைத்தார். பிளேன்ரீ வந்தால் வில்லங்கம் பின்னால் வருகிறது என்று அர்த்தம்.

"டொக்டர், உங்கட திட்டம் இந்த மாதத்தோட முடியுது. தெரியும்தானே?"

தெரியும். அதை நினைத்துத்தான் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. திட்டம் முடிந்தால் அனுமதி முடியும். அனுமதி முடிந்தால், மரபணு மாற்றிய உயிர் எதையும் நிலையம் உயிரோடு வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். இன்னும் இரண்டு வருடம் கிடைத்தால் நாற்பத்தொன்றைப் பெரிய தாங்கிக்குப் பழக்கிவிடுவாள். கிடைக்காவிட்டால் அதைக் கொல்லவேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

"அமைச்சின் மேலதிகச் செயலாளர் நேர வந்து பாத்துத்தான் நீடிப்புக் குடுக்கிறதோ இல்லையோ எண்டு முடிவெடுப்பாராம்" என்றார் தம்பிராசா. "ஆனபடியா டொக்டர், படகு ஓட வேணும்."

"எந்தப் படகு சேர்?"

"ஏதோ ஒரு படகு. மனுசன் கொழும்பில இருந்து இவ்வளவு தூரம் காரில வாறார். அவருக்குக் குழாயையும் போத்தலையும் காட்டிக்கொண்டு நிக்கேலுமோ? இறங்குதுறையில படகு நிக்க வேணும், எங்கட எண்ணெயை ஊத்த வேணும், படகு ஓட வேணும், படம் எடுக்க வேணும். அலுவல் முடிஞ்சுது."

"சேர், தாங்கி முழுக்க வடிச்சாலும் ஒரு தேத்தண்ணிக் கிளாஸ் எண்ணெய்தான் வரும்."

"ஒரு கிளாசோ? ஒண்டரை வருசத்துக்கோ?"

"ஒண்டரை வருசத்துக்கு முந்தி ஒரு துளியும் இல்ல சேர். உலகத்தில பெரிய ஆய்வுகூடங்களும் இதைவிடக் கனக்க எடுக்கயில்ல."

உலகத்தில் என்ன நடக்கிறது என்பது தம்பிராசாவுக்கு முக்கியமில்லை. அவர் கூரையைப் பார்த்து யோசித்தார். "சரி, மண்ணெண்ணெயோட கலந்து ஊத்துவம். கலப்பு எரிபொருள் எண்டு பெரிய பெரிய நாடுகளே செய்யினம்தானே."

"செய்யலாம் சேர். ஆனா நூத்துக்கு ரெண்டு பங்குதான் எங்கட எண்ணெய் எண்டு சொல்லிப்போட்டு ஊத்துவம்."

"சொல்லுவம், சொல்லுவம்."

ஒரு தரம் சொன்னால் நம்பலாம். இரண்டு தரம் சொன்னதை நம்பலாமா? கொரியாவில் இதையெல்லாம் கற்றுக்கொடுப்பதில்லை.

அதற்குப் பிறகு கலாநிதிப் பின் ஆய்வாளர் படகு தேடப் போனாள், பந்தல்காரனைத் தேடிப் போனாள், சாப்பாட்டுக் கடையில் பற்றீசுக்கும் றோல்சுக்கும் சொல்லிவைத்தாள். கலியாணத்துக்குப் போனவளை மாவிடிக்கச் சொன்ன கதைதான். படகு விசயத்தில் மட்டும் அதிர்ஷ்டம் கைகொடுத்தது. மீனவர் சங்கத்தில் வின்சன்ட் என்று ஒரு கறுத்த, பெரிய மனிதர், மண்ணெண்ணெய் விலை ஏறிய காலத்தில் கிழமைக்கணக்கில் வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துவைத்துவிட்டுக் குந்தியிருந்தவர், அவள் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"மெய்யா வைக்கோல்ல இருந்து எண்ணெய் வருதா தங்கச்சி?"

"வருது அண்ணன். இப்போதைக்குக் கொஞ்சம்."

"கொஞ்சம் வந்தா, பிறகு கூட வரும்தானே" என்றார் வின்சன்ட். "என்ட வள்ளத்தையே கொண்டுபோங்க. இஞ்சின் பழுதாப் போனாலும் பரவாயில்ல."

அவளுடைய ஒன்றரை வருட ஆய்வில் அவ்வளவு நேர்த்தியான கேள்வியை வேறு யாரும் கேட்டதில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

வைபவத்துக்கு முதல் நாள் பின்னேரம் தாங்கி சரியான பதத்தில் இருந்தது. பாகு சொட்டுகிறது, மேலே எண்ணெய் மெல்லிய ஏடாகக் கட்டத் தொடங்குகிறது, விடிய வடித்தால் கிளாஸ் நிறையும். ஷிஃபானா பக்கத்திலேயே இருக்கத்தான் நினைத்தாள். தம்பிராசா விடவில்லை. நாளைக்கு மேடை ஏறுகிற பிள்ளை கண் வீங்கிக்கொண்டு நிற்கக் கூடாது, வீட்டுக்குப் போய் நித்திரை கொள்ளுங்கோ என்று தானே முச்சக்கரவண்டி பிடித்துக் கொடுத்தார். அவள் போகும்போது மெலனியிடம், "பாகுப் பம்பைத் தொடாதீங்க, என்ன நடந்தாலும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனதும், சோடனை எப்படி என்று பார்க்கத் தம்பிராசா ஆய்வுகூடத்துக்குள் வந்தார். தாங்கியைச் சுற்றிப் பூமாலை அழகாக இருந்தது. உள்ளே இருந்ததுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. நுரை இல்லை, கொப்புளம் இல்லை, ஒரு உற்சாகமும் இல்லை. விருந்தாளி வருகிற வீட்டில் பிள்ளைகள் பசியோடு சோர்ந்துகிடந்தால் வீட்டுக்காரனுக்கு எப்படி இருக்கும்? அவர் பம்பின் திருகியைக் கொஞ்சம் கூட்டிவிட்டார். கொஞ்சம்தான். மனத்திருப்தியோடு விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

பிறகு மெலனி வீட்டுக்குப் போகமுன் எட்டிப் பார்த்தாள். பணிப்பாளர் வந்துபோனது அவளுக்குத் தெரியாது. தொடாதே என்று மிஸ் சொன்னது நன்றாக நினைவிருந்தது. ஆனால் நாளைக்கு நல்ல நாள். நல்ல நாளும் பெருநாளுமாக இதுகள் மட்டும் அரைவயிற்றோடு கிடக்கவேண்டுமா? அவளும் கொஞ்சம் கூட்டினாள். அவளும் கொஞ்சம்தான். நல்லவேளை, காவலாளியிடம் ஆய்வுகூடத்தைத் திறக்கிற திறப்பு இருக்கவில்லை; இருந்திருந்தால் அந்த மனுசனும் ஒரு கை பரிமாறியிருப்பார்.

விடிய ஷிஃபானா கதவைத் திறந்தபோது வினாகிரிப் புளிப்பு மூக்கில் அடித்தது. தாங்கிக்குள் இருந்த நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, பூமாலையை நனைத்து, மேசையில் வழிந்து, நிலத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் ஏடு இருந்த இடமே தெரியவில்லை. "யா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

பின்னாலேயே பட்டுவேட்டியோடு வந்த தம்பிராசாவின் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களே டொக்டர், பொங்கி வழியுது! நல்ல சகுனம்."

"சேர், எல்லாம் புளிச்சுப் போச்சு. ஆரோ பம்பைக் கூட்டியிருக்காங்க."

மெலனி வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். "மிஸ், நான்தான் மிஸ், பாவமெண்டு கொஞ்சமே கொஞ்சம்..." தம்பிராசா தொண்டையைச் செருமினார். "நானும் ஒரு சொட்டு..." என்றார். இருவருடைய கொஞ்சத்தையும் கூட்டினால் எவ்வளவு என்று தாங்கியே நுரையாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஷிஃபானாவுக்கு வந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது? களவெடுத்தவனைப் பிடித்து அடிக்கலாம், பரிமாறியவனை என்ன செய்வது? அன்பாகச் சாப்பாடு கொடுத்தே ஒன்றரை வருடத்தை ஒரு இரவில் கவிழ்த்துவிட்டார்கள். ஆனாலும் நாற்பத்தொன்றின் வித்து உறைபெட்டியில் பத்திரமாகத்தான் இருந்தது. இன்னொரு தரம் வளர்த்தெடுக்க ஒரு கிழமை போதும்.

"சேர், ஒரு கிழமை தள்ளிவைப்பம். நடந்ததை நடந்தபடி சொல்லுவம்."

"எப்பிடிச் சொல்லுறது? செயலாளர் கந்தளாய் தாண்டிட்டார்!" தம்பிராசா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு, கொங்கிறீட்டில் வெடிப்பைப் பூசி மறைத்துப் பழகிய மனிதர் அல்லவா, நிலையத்தின் குசினிக்கு ஆளனுப்பினார். போன ஆள் ஒரு போத்தல் தேங்காயெண்ணெயோடு வந்தான். அதிலிருந்து ஒரு கிளாஸ் நிறைய ஊற்றி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"நிறமும் கிட்டத்தட்ட இதுதானே?"

"ஏலாது சேர்! என்னால ஏலாது!"

"நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லேல்ல டொக்டர். இது எங்கட பக்டீரியா தந்த எண்ணெய் எண்டு ஒரு வசனம். நூத்துக்கு ரெண்டு, மூண்டு எண்டு இண்டைக்குக் கணக்குக் கதைக்கத் தேவையில்ல. படகு ஓடினா நீடிப்பு. ஓடாட்டி அந்த மனுசன் போகேக்கயே எல்லாத்தையும் மூடச் சொல்லிப்போட்டுத்தான் போவார். பிறகு உங்கட நாற்பத்தொண்டை நீங்கள்தான் கொல்லவேணும். யோசியுங்கோ."

யோசித்தாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய்யலாம் என்கிற ஊரில், ஒரு பொய் சொல்லி ஒரு பக்டீரியாவைக் காப்பாற்றினால் என்ன? அடுத்த கிழமையே மெய்யான எண்ணெயை வடித்து, மெய்யாகவே ஒரு வள்ளத்துக்கு ஊற்றிவிட்டால், இன்றைய பொய் கொஞ்சம் முந்திச் சொன்ன உண்மையாக மாறிவிடாதா? படித்தவர்களுக்குப் பொய் சொல்வது கஷ்டம் என்பது சும்மா கதை. அவர்களுக்குக் காரணம் கண்டுபிடிக்கத் தெரியும்.

இறங்குதுறையில் பந்தல், பந்தலுக்குள் மேடை, மேடையில் குத்துவிளக்கு. குத்துவிளக்குக்கும் அதே போத்தலில் மிச்சமிருந்த எண்ணெயைத்தான் ஊற்றியிருந்தார்கள். செயலாளர் சாந்தமான மனிதர். வழியெல்லாம் வாந்தியெடுத்த களைப்பு முகத்தில் தெரிந்தது. சனம் நிறைய வந்திருந்தது. முன்வரிசையில் மீனவர் சங்கம், அதற்குப் பின்னால் கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்த பெண்கள், அவர்களுக்கு நடுவில் உம்மா. மகள் மேடையில் ஏறியபோது உம்மா முக்காட்டுத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டது ஷிஃபானாவுக்குத் தெரிந்தது.

வள்ளம் துறையில் ஆடிக்கொண்டு நின்றது. வின்சன்ட் வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு இஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றார். இஞ்சினோடு பொருத்திய எண்ணெய்க் கானில் காலையிலேயே மண்ணெண்ணெய் நிரப்பியாயிற்று. ஷிஃபானா மேடையிலிருந்து இறங்கி வந்து, கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக் கானுக்குள் கவிழ்த்தாள். ஒலிவாங்கியை வாய்க்கருகே கொண்டுவந்தார்கள்.

"இது எங்கட பக்டீரியா தந்த எண்ணெய்" என்றாள்.

குரல் நடுங்கவில்லை. அதுதான் அவளுக்கே அதிசயமாக இருந்தது.

காற்று துறையிலிருந்து பந்தலுக்குள் வீசியது. முன்வரிசையில் ஒரு கணம் சத்தமில்லை. யாரோ யாரையோ பார்த்தார்கள், யாரோ மூக்கைச் சொறிந்தார்கள். பிறகு வின்சன்ட் வள்ளத்தில் நின்றபடியே இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பலமாகத் தட்டினார். அவ்வளவுதான், சங்கமே எழும்பி நின்று தட்டியது, கிண்ணியாப் பெண்கள் தட்டினார்கள், பந்தல் அதிர்ந்தது. இஞ்சின் முதல் இழுவையிலேயே பிடித்தது. வள்ளம் புகையைக் கக்கிக்கொண்டு குடாவில் ஒரு வட்டம் அடித்தது. தேங்காயெண்ணெயோ பக்டீரியாவோ, மண்ணெண்ணெய் இருந்தால் ஓடாத இஞ்சின் உண்டா? படம் எடுத்தார்கள். செயலாளரும் கைதட்டினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது என்று பிறகு தம்பிராசா சொன்னார்.

அடுத்த கிழமை தம்பிராசா கூப்பிட்டனுப்பினார். பிளேன்ரீயோடு தட்டில் இனிப்புத் தொதலும் இருந்தது. அப்போதே அவள் பயந்திருக்கவேண்டும்.

"வெற்றி டொக்டர்! அமைச்சில இருந்து அறிவிச்சாச்சு. ஆய்வு வெற்றிகரமா நிறைவடைஞ்சுது."

"நீடிப்பு எப்ப தொடங்குது சேர்?"

"நீடிப்போ?" அவர் உண்மையாகவே குழம்பிப்போனார். "ஆய்வு முடிஞ்சுதே. படகு ஓடினதை எல்லாரும் கண்ணால கண்டு கைதட்டினவை எண்டு அமைச்சிலயே சொல்லுகினம். ஓடுற படகுக்கு இன்னும் என்ன ஆய்வு? சரிவரேல்ல எண்டால்தானே ரெண்டு வருசம் கேக்கலாம். இனி உற்பத்திதான்! நாலு மாடி, ரெண்டு பெரிய மண்டபம், எல்லாம் கொங்கிறீட்." வரைபடத்தை விரித்தார். அவருடைய முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் முன்பு கண்டதில்லை.

"உற்பத்திக்கு நாற்பத்தொண்டு வேணும்தானே சேர்?"

"முதல் கட்டம் கட்டடம். பக்டீரியா மூண்டாம் கட்டம். அது வரேக்க வெளியில வாங்கலாம். வெளிநாட்டில இல்லாததே?" குரலைத் தணித்தார். "இதை நிலையத்தில இனி வைச்சிருக்க ஏலாது டொக்டர். அனுமதி ஆய்வுக்கு மட்டும்தான். சட்டம் சட்டம்தானே."

"கொரியாவுக்காவது அனுப்புறன் சேர்."

"அனுப்புறதுக்கு அனுமதி எடுக்க ஒரு வருசம் செல்லும். அழிக்கிறதுக்கு இண்டைக்கே தந்திட்டினம்."

அவள் எழுந்து நின்றாள். "சேர், அண்டைக்கு ஊத்தினது தேங்காயெண்ணெய். அதை இப்ப சொல்லுவம். சொன்னா ஆய்வு முடியயில்ல எண்டு தெரியும்தானே."

தம்பிராசா கோபப்படவில்லை. இரக்கத்தோடுதான் பார்த்தார்.

"ஆர் சொல்லுறது டொக்டர்? நான் மேடையில ஒரு வசனமும் சொல்லேல்ல. சொன்னது நீங்கள். வீடியோ இருக்கு. பொய் சொன்ன ஆய்வாளருக்கு ஆராவது ரெண்டு வருசம் குடுப்பினமோ? உங்கட நல்லதுக்குச் சொல்லுறன், பேசாமல் தொதலைச் சாப்பிடுங்கோ."

உள்ளதும் போச்சுதடா நொள்ளைக் கண்ணா என்பது இதைத்தான். உண்மையைச் சொல்லியிருந்தால் தோல்வி என்று இரண்டு வருடம் கேட்டிருக்கலாம். அது கிடைத்திருக்குமோ கிடைத்திருக்காதோ, கேட்கவாவது வாய் இருந்திருக்கும்.

அழிக்கும் வேலையை அவளே செய்தாள். மெலனி செய்ய வந்தபோது வேண்டாம் என்றுவிட்டாள். உறைபெட்டியிலிருந்து குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். அவள் கையெழுத்தில் ஒட்டிய சீட்டுகள் பனிபூத்திருந்தன. எல்லாவற்றையும் தடித்த பையில் போட்டுக் கட்டி ஓட்டோகிளேவுக்குள் வைத்தாள். அது பெரிய பிறஷர் குக்கர்தான்; நீராவியில் எந்தக் கிருமியையும் அவித்துக் கொல்லும். மூடியை இறுக்கி மின் ஆளியைப் போட்டாள். ஒன்றரை வருடமாகப் பட்டினி போட்டு வளர்த்ததை, ஒரு நாளாவது வயிறு நிறையக் கொடுக்காமல் கொல்கிறேனே என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. பக்டீரியாவுக்காக அழும் கலாநிதி! கொரியாப் பேராசிரியர் கண்டால் சிரிப்பார் என்று தெரிந்தும் அழுதாள்.

அவித்து முடிந்து, பையை வெளியே எடுத்து ஆறவைத்திருந்த நேரம், வாசலில் ஆள் வந்திருப்பதாகக் காவலாளி சொன்னார். வின்சன்ட் நின்றார். கையில் ஓலைப்பையில் பாரைமீன்.

"இண்டைக்குப் பட்ட மீன் தங்கச்சி. உம்மாட்டக் குடுங்க." பையை நீட்டிவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து மெதுவாகக் கேட்டார். "அண்டைக்கு ஊத்தினது தேங்காயெண்ணெய்தானே?"

"எப்பிடித் தெரியும் அண்ணன்?" என்று கேட்டாள் ஷிஃபானா.

"தலையில வைக்கிற எண்ணெயை மூக்குக்குத் தெரியாதா? கானுக்குள்ள கவிழ்க்கேக்கயே மணந்திட்டுது. எங்கட சங்கத்துக்கு முழுக்கத் தெரியும். கிண்ணியாப் பொம்பிளையளுக்கும் தெரியும்."

அப்படியென்றால் உம்மாவுக்கும் தெரியும். அன்றைக்கு வீட்டுக்கு வந்த பிறகு உம்மா அந்த வைபவத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இறைச்சிக்கறியும் சோறும் போட்டு, போதும் போதும் என்று அவள் சொல்லச் சொல்ல, இன்னும் இன்னும் என்று போட்டுக்கொண்டே இருந்தார். வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

"தெரிஞ்சுகொண்டேவா எல்லாரும் கைதட்டினீங்க?"

"தட்டாம?" என்றார் வின்சன்ட். "எங்கட பிள்ளை மேடையில நிக்கிது. நாங்க பேசாம இருந்தா அந்தக் கொழும்பு மனுசனுக்கு விளங்கிரும், சரிவரல்ல எண்டு இழுத்து மூடிட்டுப் போயிருவார். அதுதான் நான் முதல்ல தட்டினனான். என்னவோ பிழைச்சுப் போச்சாக்கும், இன்னும் ரெண்டு வருசம் குடுத்தா தங்கச்சி மெய்யாச் செய்யும் எண்டு எங்களுக்குத் தெரியும்தானே. அந்த ரெண்டு வருசம் கிடைச்சிட்டுதா?"

அவள் மீன்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அந்தப் பெரிய மனிதருக்கு முன்னால் நின்று விம்மினாள்.

"இல்ல அண்ணன். வெற்றி எண்டு சொல்லித்தான் மூடிட்டாங்க. இவ்வளவு சனம் எழும்பி நிண்டு கைதட்டின பிறகு இனி என்ன ஆய்வு எண்டு கேட்டாங்களாம். எல்லாத்தையும் இப்பதான் அவிச்சுச் சாகடிச்சுப்போட்டு வாறன்."

வின்சன்ட் வலை இழுத்துக் காய்த்துப்போன கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் இடுப்புச் சாரத்தில் துடைத்தார்.

"நாங்க கொஞ்சம் மெதுவாத் தட்டியிருக்கலாமோ, தங்கச்சி?" என்று கேட்டார்.